இரண்டு நாற்காலி

தம்பிக்கு,

போட்டோக்கள் வந்தன. உங்கள் ஆஸ்திரேலியாவின் ஃப்ரேசர் தீவுக்குப் பழங்குடி மக்களின் பெயரையே 2023-இல் திரும்பக் கொடுத்துவிட்டார்கள் என்றாய், எனக்கு வாயில் இன்னும் ஃப்ரேசர்தான் வருகிறது. 75 மைல் கடற்கரை என்று பெயர் வைத்த கரையில் என் மகன் வண்டி ஓட்டியிருக்கிறான் என்று எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் காட்டினேன். பாப்பா கருத்துவிட்டாள்.

அலை ஏறும் நேரம் பார்த்துத்தானே ஓட்டினாய்? ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கரையில் வண்டி இறக்கக் கூடாது என்று நீதான் சொன்னாய். மணலுக்காகக் குறைத்த டயர் காற்றைத் தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடித்தாயா? வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவு, உப்பு அரித்துவிடும். அந்தக் காட்டு நாய் டிங்கோ பார்க்க நம்மூர் நாய் மாதிரியே இருக்கிறது, பிள்ளை தொடப் போய்விடும். அடுத்த தடவையும் அவளைக் கையெட்டும் தூரத்திலேயே வைத்துக்கொள். அலை நேரத்தையும் மறக்காதே.

கூடாரத்துக்கு முன்னால் நாற்காலி இரண்டுதான் விரித்திருக்கிறது. மருமகளுக்கு லீவு கிடைக்கவில்லையோ என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

2003-இல் உன்னைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனேனே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது ரோடு கிடையாது. முகுந்தராயர் சத்திரத்தில் வேன் ஏறினோம். பாதி வழியில் சக்கரம் ஈரமணலில் புதைந்து எல்லோரும் இறங்கித் தள்ளினோம், நீயும் தள்ளினாய். இடிந்த சர்ச் பக்கம் உட்கார்ந்து அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டாய். காய்ச்சல் என்றேன். எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தைப் பிரித்ததும், "காய்ச்சலோட எப்படிப்பா சமைச்சாங்க?" என்றாய். அதற்குப் பதில் சொல்லாமல் 1964 புயலில் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போன கதையைச் சொன்னேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை, தம்பி. பதினொரு நாளாக நாங்கள் பேசவில்லை. அன்று விடியற்காலையில் அவள் புடவை மாற்றிக்கொண்டு வாசல் வரை வந்தாள். நான்தான் திரும்பிப் பார்க்காமல் உன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றுவரை அதைப் பற்றி அவளிடம் பேசியதில்லை.

பாப்பாவும் அங்கே கேட்டிருப்பாள். நீ என்ன சொன்னாய்?

சனிக்கிழமை காலை 7 மணிக்கு அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். உனக்கு அப்போது பதினொன்றரை. வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அப்பா