மாமியைத் தூத்துக்குடி சேர்த்தவர்களுக்கு நன்றி மடல்

மட்டக்களப்பு
2020 ஜூன் 21

அன்புள்ள எல்லோருக்கும்,

மாமி வீடு போய்ச் சேர்ந்துவிட்டார். பாளையங்கோட்டையில் தன் வீட்டு முன்னறையில் கொரோனாவுக்காகத் தனியாக இருந்த ஏழு நாளும் போன செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது. புதன்கிழமை காலை மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்து என் மனைவி அழுதாள், நானும்தான். அன்றைக்கே எழுத உட்கார்ந்த மடல் இது. யாரைப் பற்றி எழுதினாலும் இன்னொருவர் நினைவுக்கு வந்தபடியால் நாலு நாள் எடுத்துவிட்டது.

உங்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்றீர்கள். சிலருடைய பெயரை நாங்கள் கேட்கவே இல்லை. ஆகவே ஒருவர் பெயரும் இதில் இல்லை. வாசித்தால் உங்களை உங்களுக்குத் தெரியும்.

மாமி பெப்ரவரியில் வந்தது மகளின் பேறுகாலத்துக்கு. ஒரு மாதம் இருந்து பேரப்பிள்ளையைத் தூக்கிவிட்டுப் போவதாகத்தான் ஏற்பாடு. பிள்ளை மார்ச் முதல் வாரத்தில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் சுகமாகப் பிறந்தது. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் சாத்தின. மார்ச் 19ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணிகள் வந்திறங்குவது நின்றது. 20ஆம் திகதி மாலை ஊரடங்கு. 22ஆம் திகதியிலிருந்து இந்தியாவும் வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. ஏப்ரலில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். வீடு திரும்பிய பிறகு அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கக்கூட ஆளில்லை. மாமி இரவில் தூங்குவதை விட்டுவிட்டார். பகலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மாலைதீவிலிருந்து 698 பேரை ஏற்றிக்கொண்டு இந்தியக் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் மே 10ஆம் திகதி கொச்சியில் சேர்ந்த செய்தியை முதலில் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. "தம்பி, கொழும்புக்கும் வருமாம், உங்கட மாமிட பேரைக் குடுங்க" என்று வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கத்தினார். உடனே பதிவுசெய்தோம். ஓர் அலுவலகத்தில் ஒரே நாளில் மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள். அதை இங்கே வளர்க்க விருப்பமில்லை. கடைசியில் மாமியின் பெயர் பட்டியலில் வந்தது. ஜூன் 1ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்தில் நிற்க வேண்டும். கையில் நாலு நாள்.

எங்கள் கிராம சேவையாளர் ஐயாவே, கடிதம் கேட்டு நான் வந்தபோது உங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு போட்டிருந்தது. தட்டை மூடி வைத்துவிட்டு எழுதித் தந்தீர்கள். பொலிஸ் நிலையத்தில் பாஸ் எழுதித் தந்த சிங்கள உத்தியோகத்தர், தமிழ்ப் பெயர்களை எழுத்துப் பிசகக்கூடாது என்று என்னிடமே இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். மாமியைப் பார்த்து அறிக்கை தந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த வாரம் முழுக்க வீட்டுக்குப் போகாமல் வேலை செய்தவர் என்று பிறகுதான் அறிந்தேன்.

பாமசித் தம்பியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டும்.

மாமி பத்து வருடமாக இன்சுலின் போடுகிறவர். கொண்டுவந்த மருந்து முடிந்து, இங்கே புதுக் குப்பி வாங்கப் போனேன். அந்தத் தம்பி குப்பியை எடுத்துத் தந்துவிட்டு, "அண்ணன், ஊசி என்ன ஊசி போடுறவங்க?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "போய் எடுத்திட்டு வாங்க" என்றார். எடுத்துக்கொண்டு போனேன், சிவப்பு மூடி போட்ட ஊசி. இந்தியாவில் மாமி வாங்கும் குப்பியில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 யுனிட். சிவப்பு மூடி ஊசியின் கோடுகள் அதற்கு அளந்தவை. இங்கே நான் வாங்கிய குப்பியில் 100 யுனிட். அதற்குச் செம்மஞ்சள் மூடி ஊசி வேண்டும். பழைய ஊசியில் வழக்கம்போல 20 கோட்டுக்கு இழுத்திருந்தால் உடம்புக்குள் போயிருப்பது 50 யுனிட். இரண்டரை மடங்கு. அன்றிரவே மாமியை இழந்திருப்போம், ஏன் என்றும் எங்களுக்குத் தெரிந்திராது. கடைக்கு வெளியே வெயிலில் அவ்வளவு பெரிய வரிசை நின்றது. அதற்குள்ளும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டீர்கள் தம்பி.

பயணத்துக்கு முதல் நாள் அவரே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தந்தார்: "இந்தக் குப்பிக்குச் செம்மஞ்சள் மூடி ஊசி மட்டும். இந்தியக் குப்பி வாங்கினால் சிவப்பு மூடி." அதைப் பெட்டியின் மூடியில் ஒட்டினோம். பெட்டி கல்லடியில் மீன் விற்கும் அண்ணனுடைய றெஜிபோம் பெட்டி. மூன்று தரம் கழுவி வெயிலில் காயவைத்து, ஐஸும் போட்டுத் தந்தார். மருந்து ஐஸில் முட்டினால் உறைந்து பழுதாகிவிடும் என்பதால் துவாய் சுற்றி நடுவில் வைத்தோம். பெட்டிக்கும் காசு வாங்கவில்லை, ஐஸுக்கும் வாங்கவில்லை. கடலுக்குப் போனாலும் மீன் விற்கமுடியாமல் அவர் முடங்கிப்போயிருந்த காலம் அது.

இனி எங்களுக்கு வான் ஓட்டிய ஏறாவூர் நானா.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு இந்த ஊரில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்தோம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கொரோனா வந்து அந்தப் பார்வையை இன்னும் கெடுத்தது. கொழும்பு என்றதும் நான் கேட்ட மூன்று வான்காரர்கள் மறுத்தார்கள். அவர்களில் பிழையில்லை, எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள். நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வாரமாகவில்லை, நானா வந்தார். "உம்மா ஒருத்தவங்கள அவங்கட ஊட்ட கொண்டு சேர்க்கிற வேலதானே, நான் வாறன்" என்றார். திரும்பி வந்தால் பதினாலு நாள் வீட்டிலேயே இருக்க வேண்டும், அத்தனை நாளும் ஹயர் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மே 31 விடியற்காலை புறப்பட்டோம். வாழைச்சேனை தாண்டிப் புணானையில், தனிமைப்படுத்தல் நிலையமாக்கிய பல்கலைக்கழகக் கட்டடங்களைக் கடந்தபோது மாமி கைகூப்பினார். மார்ச்சில் இத்தாலியிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்தவர்களை அங்கே கொண்டுவந்தபோது ஊரில் எதிர்ப்பு எழுந்தது. பயந்தவர்களில் நானும் ஒருவன். "உள்ள இருக்கிற பிள்ளைகளும் வீட்டுக்குப் போகணும்னுதானே இருந்திருக்கும் மாப்பிள்ளை" என்று மாமி சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை.

கட்டிக்கொண்டு போன இடியப்பமும் சம்பலும் வெக்கையில் புளித்துவிட்டன. வழியில் கடைகள் பூட்டு. ஹபரணை தாண்டியதும் மாமிக்கு வியர்த்துக் கை நடுங்கத் தொடங்கியது. சீனி இறங்கிவிட்டது. கொண்டுவந்த டொபியைக் கொடுத்தும் நடுக்கம் நிற்கவில்லை. நானா வானை ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கி ஓடினார்.

அந்த வீட்டு அம்மாவும் ஐயாவும் தமிழ் வாசிப்பவர்கள் இல்லை. இதை நானா உங்களுக்குச் சிங்களத்தில் வாசித்துக் காட்டுவார். நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று நீங்கள் கேட்கவில்லை. முதலில் சீனி கரைத்த தேத்தண்ணி வந்தது. அதன் பிறகு மாமரத்தடியில் கதிரை, அதன் பிறகு சோறும் பருப்பும். தள்ளி நின்றபடி, மாமி ஒவ்வொரு வாய் விழுங்குவதையும் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். மாமிக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது, உங்களுக்குத் தமிழ் தெரியாது. புறப்படும்போது இரண்டு பேரும் அரை மணி நேரம் கதைத்தவர்கள் போலக் கையசைத்தீர்கள். வழிக்கு வேண்டுமென்று பிளாஸ்கில் தேத்தண்ணியும் ஊற்றித் தந்தீர்கள்.

வெள்ளவத்தையில் இரவு தங்க இடம் தந்த நண்பனுக்கு நன்றி. மறுநாள் துறைமுகத்தில் ஏறக்குறைய 700 பேர் நின்றார்கள். எனக்கு வாசலோடு சரி, உள்ளே போக விடவில்லை. மாமி தனியாக, ஒரு கையில் பையும் மறு கையில் மீன் பெட்டியுமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உடம்பு முழுக்க மூடிய உடுப்புப் போட்ட ஒரு கடற்படைப் பையன் வந்து பெட்டியை வாங்கி, மூடியில் ஒட்டியிருந்த தாளைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டான். அவனுக்குத் தமிழ் தெரியாதாம், மாமி பிறகு சொன்னார். மருந்து என்பது மட்டும் விளங்கி, அதைக் குளிர்பெட்டியில் வைத்து, இறங்கும்போது மறக்காமல் கையில் கொடுத்திருக்கிறான். முகத்தைக்கூடப் பார்க்க முடியாத அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும் என்று மாமி விளக்கு வைக்கும்போதெல்லாம் சொல்கிறாராம்.

எங்கள் அம்மம்மா தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போன கதையைச் சின்ன வயதில் சொல்லுவார். யுத்தத்தோடு அந்தக் கப்பல் நின்றது. எங்கள் குடும்பத்தில் அதன் பிறகு கடல்வழி அக்கரை போனது மாமிதான். ஜூன் 2ஆம் திகதி காலை தூத்துக்குடியிலிருந்து அழைப்பு வந்தது: "வந்துட்டேன் மாப்பிள்ளை."

அங்கே ஒரு விடுதியில் ஏழு நாள். அந்த விடுதித் தாதி அம்மாவுக்கு: முதல் நாளே பெட்டி மூடியில் இருந்த தாளை வாசித்து, ஊசிகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தீர்கள். இங்கிருந்து கொண்டுபோன ஊசிகள் தீர்ந்து மருந்து மாறிய நாளில், பாமசித் தம்பியின் எழுத்துக்குக் கீழே "இன்று முதல் சிவப்பு மூடி" என்று திகதி போட்டு எழுதினீர்கள். மாமி அதைப் படமெடுத்து அனுப்பினார். தம்பியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "எனக்கும் ஒண்டு அனுப்புங்க அண்ணன்" என்றார்.

நான் திரும்பி வந்து பதினாலு நாள் வெளி அறையில் இருந்தேன். மூன்று மாதப் பிள்ளையோடு என் மனைவிக்குத் துணை நின்றது பக்கத்து வீட்டு அக்காதான். எனக்குச் சாப்பாடு படிக்கட்டில் வரும். ஏறாவூரில் நானாவும் அதே பதினாலு நாள் உள்ளேயே இருந்தார். டீசல் காசுக்கு மேல் ஒரு சதமும் வாங்க மறுத்தவர். நாளாந்த உழைப்பில் ஓடும் வீடு அது. நானா, உங்கள் மகளின் படிப்புக்கென்று மாமா ஒரு தொகை அனுப்பியிருக்கிறார். அதை மறுக்க வேண்டாம். கடன் தீர்க்க நினைத்து அனுப்பியதில்லை அது, உம்மாவுடைய ஆசை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹபரணை அம்மா, உங்கள் பிளாஸ்க் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அவசரத்தில் திருப்பித் தராமலே போய்விட்டோம். நானாவின் அடுத்த கொழும்பு ஹயரில் உங்கள் வாசலுக்கு வரும். நானும் கூட வருவேன்.

மிக்க நன்றியுடன்,
கல்லடியிலிருந்து ஒரு மருமகன்