ஸ்காபரோவிலிருந்து அக்காவுக்கு: பெடியனின் வழக்குப் பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. உங்கள் பெடியன் குடித்துவிட்டுக் கார் ஓடினான் என்று போட்ட வழக்கைப் பற்றிப் போனில் நீங்கள் அழுதழுது கேட்டதற்கு அப்போது ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அத்தானும் இருந்து வாசிக்கட்டும் என்று எழுத்தில் வைக்கிறேன். கோட்ஸில் தமிழ் மொழிபெயர்ப்புக்கு நிற்கிறவன் என்றபடியால் இந்த வழக்குகள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். முதலே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பெடியன் அவசரப்பட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒப்புக்கொண்டால் லைசன்ஸ் கெதியாகக் கிடைக்கும் என்று கூட்டாளிமார் அவனுக்கு ஓதுகிறார்கள். இதில் பெரிய விசயம் லைசன்ஸ் இல்லை அக்கா, அவனுடைய வதிவிட உரிமை.

"அவன் தள்ளாடவில்லை, ஒருத்தரையும் இடிக்கவில்லை, பிறகேன் வழக்கு" என்று கேட்டீர்கள். இங்கே அந்த இலக்கமே குற்றம். கார் ஓடி இரண்டு மணித்தியாலத்துக்குள் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் அற்ககோல் இருந்தால் போதும், நடை நேராக இருந்தாலும் வழக்குத்தான். ஒன்ராறியோவில் 50க்கு வந்தாலே, குற்ற வழக்கு இல்லாமல், வீதியோரத்தில் வைத்தே லைசன்ஸை வாங்கிவிடுவார்கள். 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கும் ஜி1, ஜி2 என்ற புதுச் சாரதி லைசன்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் சுழியம்தான் எல்லை.

கொண்டாட்டங்களில் பிழை நடப்பது அளவில்தான். இங்கே ஒரு டிரிங்க் என்று கணக்கெடுப்பது 5 வீத பியரில் 341 மில்லிலீற்றர், 40 வீத விஸ்கியில் 43 மில்லிலீற்றர். வீட்டில் கிளாஸில் கண்ணளவுக்கு ஊற்றுவது பெரும்பாலும் அதைவிடக் கூட. "இரண்டுதான் எடுத்தனான்" என்பவன் மூன்றோ நாலோ எடுத்திருப்பான், பொய் சொல்லவில்லை, அளக்கவில்லை. அந்த 100 மில்லிலீற்றர் இரத்தக் கணக்கில் உடம்பு மணித்தியாலத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கழிக்கும். நள்ளிரவில் 160 இருந்தவனுக்கு விடிய 5 மணிக்கும் 80க்கு மேலே நிற்கும். தேசிக்காய்த் தண்ணி, கறுப்புக் கோப்பி, குளிப்பு எதுவும் அதைக் குறைக்காது. படுத்தெழும்பி வேலைக்குப் போகிற வழியில் பிடிபடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மண்டப வாசலில் பனி கொட்டுகிறது, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் நித்திரை கொள்வோம் என்று நினைப்பார்கள். அந்த இருக்கையில் இருந்தால் கார் ஓட இருந்தவன் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஓடுகிற எண்ணம் இருக்கவில்லை என்று அவன்தான் நிரூபிக்கவேண்டும். படுக்கிறதென்றால் பின் இருக்கையில் படுக்கவேண்டும், இல்லாவிட்டால் டாக்ஸி எடுக்கவேண்டும்.

இனி அவனுக்கு நடந்தது. பொலிஸ் வீதியில் மறித்துக் கையடக்கக் கருவியில் ஊதச் சொன்னார்கள். 2018 டிசம்பர் 18க்குப் பிறகு சட்டப்படி மறித்த எந்தச் சாரதியையும், கருவி கையிலிருந்தால், குடித்திருக்கிறான் என்ற சந்தேகம் இல்லாமலே ஊதச் சொல்லலாம். அதற்கு முன் லோயரோடு கதைக்க உரிமையில்லை. ஊத மறுத்திருந்தால் அது தனிக் குற்றம், முதல் தடவைக்கே குறைந்தது 2,000 டொலர் தண்டம். அவன் ஊதியது நல்லது. அந்தக் கருவி "ஃபெயில்" என்று காட்டினது கைது செய்வதற்கான காரணம் மட்டுமே, வழக்கின் சாட்சி இல்லை. சாட்சி, பொலிஸ் நிலையத்தில் பெரிய இயந்திரத்தில் எடுத்த இரண்டு ஊதல்கள்.

அவன் அனுப்பின தாளை நான் வடிவாகப் பார்த்தேன். முதல் ஊதல் 140, இரண்டாவது 130. இடையில் குறைந்தது 15 நிமிடம் இருக்கவேண்டும், இருக்கிறது. ஒவ்வொரு ஊதலுக்கும் முன் இயந்திரம் வெறும் காற்றிலும், அளவு தெரிந்த அற்ககோலிலும் தன்னைச் சரிபார்த்திருக்கவேண்டும். இரண்டு முடிவுக்கும் 20க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. கணக்கெடுப்பது குறைந்த இலக்கத்தை, ஆகவே 130. லோயர் முதலில் தேடுவதும் இந்த நேரங்களைத்தான், பிறகு நிலையத்தில் லோயரோடு கதைக்க விட்டார்களா, விளங்கும் மொழியில் சொன்னார்களா என்பதை. எத்தனை மணிக்கு மறித்தார்கள், எத்தனை மணிக்குப் போன் கொடுத்தார்கள் என்று அவனை இப்பவே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு மாதம் போனால் ஞாபகம் கலங்கிவிடும்.

வழக்குப் போட்ட அன்றே, கோட்ஸுக்குப் போகமுன்னமே, மூன்று அடி விழுந்துவிட்டது: 90 நாள் லைசன்ஸ் இல்லை, கார் 7 நாள் தடுப்பில், 550 டொலர் நிர்வாகத் தண்டம். இழுவைக் காசும் தரிப்பிடக் காசும் வேறாக. கார் கூட்டாளியுடையது என்றாலும் 7 நாள் குறையாது. வழக்கில் வென்றாலும் இவை திரும்பி வரா. இந்த 90 நாளில் பக்கத்துக் கடைக்குக்கூட அவன் ஓடக்கூடாது, ஓடிப் பிடிபட்டால் முதல் வழக்கை விட அது பெரிய தலையிடி. வேலைக்குப் பஸ்ஸில் போகிறான், விடிய 5 மணிக்கு எழும்பி. பழகிவிடுவான்.

கையில் கொடுத்த தாளில் இரண்டு திகதி இருக்கும், ஒன்று கைரேகை கொடுக்க, மற்றது முதல் கோட்ஸ் நாள். கனபேர் கைரேகைத் திகதியை மறந்துவிடுகிறார்கள், போகாவிட்டால் அது வேறொரு குற்ற வழக்கு. ரொறொன்ரோ குற்ற வழக்குகள் இப்போது ஆர்மரி வீதி 10ஆம் இலக்கத்திலுள்ள புதிய கட்டிடத்தில் நடக்கின்றன. முதல் நாளில் குற்றவாளியா சுற்றவாளியா என்று சொல்லத் தேவையில்லை. அரசாங்க வழக்கறிஞரிடமிருந்து ஆவணங்களை வாங்கி இன்னொரு தவணை எடுப்பதுதான் வேலை: பொலிஸின் குறிப்புகள், இயந்திரத்தின் பதிவு, நிலையத்து வீடியோ. மொழிபெயர்ப்பாளர் அவனுடைய உரிமை, காசில்லை, ஆனால் முன்கூட்டிக் கேட்கவேண்டும்.

"தெரிந்த ஆளைப் பிடித்துப் பொலிஸிலேயே முடிக்கலாமா" என்று அத்தான் கேட்டார். ஏலாது. வழக்குப் போட்ட பிறகு பொலிஸ் நினைத்தாலும் அதை எடுக்கேலாது, முடிவு அரசாங்க வழக்கறிஞருடையது. அப்படிக் கேட்டுப் போனாலே வில்லங்கம்.

முதல் குற்றம் என்றால் 80இலிருந்து 119 வரை குறைந்தது 1,000 டொலர் தண்டம், 120இலிருந்து 159 வரை 1,500, 160உம் அதற்கு மேலும் என்றால் 2,000. அதன் மேல் 30 வீதம் சேரும், ஆகவே அவனுக்கு 1,950 அளவில் வரும். இரண்டாம் தடவை என்றால் கட்டாயம் 30 நாள் சிறை. லைசன்ஸ் ஒரு வருடம் போகும், பிறகு காரில் ஊதினால்தான் ஸ்டார்ட் ஆகும் பூட்டு. ஒன்ராறியோவில் ஒரு திட்டம் இருக்கிறது: குற்றம் நடந்த 90 நாளுக்குள் ஒப்புக்கொண்டால் 3 மாதம் மட்டும் ஓடாமல் இருந்து, பிறகு 9 மாதம் பூட்டோடு ஓடலாம். கூட்டாளிமார் சொல்வது இதைத்தான். பொய் இல்லை. கனடாக் குடியுரிமை உள்ளவனுக்கு நல்ல வழியும்கூட.

ஆனால் இவன் பி.ஆர்., நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவன், குடியுரிமை இல்லை. 2018 டிசம்பர் 18இல் இந்தக் குற்றத்தின் உச்ச தண்டனையை 5 வருடத்திலிருந்து 10 வருடமாக்கினார்கள். குடிவரவுச் சட்டத்தில் உச்ச தண்டனை 10 வருடமோ அதற்கு மேலோ உள்ள குற்றம் பாரதூரமான குற்றம். வெறும் தண்டம்தான் கட்டினான் என்றாலும் கணக்கு அதுதான், நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கலாம். "எனக்கு 2010இல் பிடிபட்டு ஒன்றும் நடக்கேல்லை" என்று சொல்லும் ஆக்களை அவன் கேட்கக்கூடாது, அவர்கள் பழைய சட்டத்தில் தப்பினவர்கள். பதிவில்லாமல் விடுவிக்கும் வழியும் இந்தக் குற்றத்துக்கு இல்லை, சிகிச்சைத் திட்டத்துக்குப் போனாலும்கூட.

பயப்பட வேண்டாம், இது உடனே அனுப்பிவிடுவது இல்லை. முதலில் நாடு கடத்தும் வேலையைப் பார்க்கும் கனடா எல்லைச் சேவையிலிருந்து கடிதம் வரும், உன்னை ஏன் வைத்திருக்கவேண்டும் என்று எழுதச் சொல்லி. அதற்குப் பதில் போடாமல் விடுவதுதான் நான் கேள்விப்பட்டதில் மோசமான பிழை. 6 மாதமோ அதற்கு மேலோ சிறை கிடைத்தால்தான் நாடு கடத்தலுக்கு எதிரான மேன்முறையீட்டு உரிமை போகும். இவனுக்கு அது போகாது, மனிதாபிமானக் காரணங்களைச் சொல்லி வாதாடலாம். ஆனாலும் அதற்கு முன்னமே தடுப்பது நல்லது. சாட்சியில் ஓட்டை இருந்தால் அரசாங்க வழக்கறிஞர் சிலவேளை கவனயீனமாக ஓட்டியதாக மாகாண வீதிச் சட்டத்தில் ஏற்றுக்கொள்வார், அது குற்றப் பதிவு ஆகாது. அதைத் தேடிப் பார்க்காமல் 90 நாளுக்குள் ஒப்புக்கொள்வது, மூன்று மாதத்தில் திரும்பக் கார் ஓடுவதற்காக நாட்டையே பந்தயம் வைப்பதுபோல.

அதனால் இரண்டு லோயர் பார்க்கிறோம், ஒருவர் குற்ற வழக்குக்கு, மற்றவர் குடிவரவுக்கு. இரண்டு பேரும் ஒருவரோடொருவர் கதைக்கவேண்டும். தனித்தனியே ஓடினால்தான் பிழை வருகிறது. காசை யோசிக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த மனிதாபிமானக் காரணங்களைக் காட்ட உங்களிடமிருந்து எனக்குச் சில தாள்கள் வேண்டும். அத்தானின் இருதய வைத்திய அறிக்கைகளின் பிரதி, அவன் மாதாமாதம் அனுப்பும் காசு வந்த வங்கிக் கணக்குப் பதிவு, தங்கச்சியின் படிப்புச் செலவு ரசீதுகள், அவன் படித்த பள்ளிக்கூட அதிபரின் கடிதம். தமிழில் இருந்தால் அப்படியே அனுப்புங்கள், சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு இங்கே மாற்றுவிக்கிறேன். போட்டோ எடுக்கும்போது தாளின் நாலு மூலையும் தெரியவேண்டும், முத்திரை மங்கக்கூடாது. அவனோடு கதைக்கும்போது ஏச வேண்டாம், சாப்பிட்டானா என்று கேளுங்கள். வழக்குப் பற்றி அவன் வாட்ஸ்அப்பில் ஒருத்தருக்கும் எழுதக்கூடாது, உங்களுக்கும்தான்.

அடுத்த தவணை முடிந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
தம்பி