குணாவுக்கு: எஞ்சினைத் திறந்தாயிற்று

தெம்பனிஸ்,
சிங்கப்பூர்

அன்புள்ள குணா,

இங்கு அனைவரும் நலம். பெரியவளுக்குத் தேர்வு முடிந்துவிட்டது, அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, உன் தங்கைக்கு என்மேல் இருக்கும் கோபம் மட்டும் கட்டுக்குள் இல்லை. பெர்த் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது. நம் மொட்டைச் சார்ஜண்ட்டை யீஷூன் காப்பிக்கடையில் பார்த்தேன்; அவர் இன்னும் அதே கேள்வியைத்தான் கேட்டார், நானும் அதே பதிலைத்தான் சொன்னேன். இத்தனை மாதம் எழுதாமல் இருந்துவிட்டு இப்போது திடீரென்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என் பிஎம்டபிள்யூ எம்3 காரின் எஞ்சினின் அடிப்பக்கத்தைத் திறந்து, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் பேரிங்குகளை மாற்றியாயிற்று. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? இங்கே யாரிடம் பேச்சை எடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் கொட்டாவி விடுகிறார்கள்.

எஞ்சினின் கீழிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை, எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை, ஓட்டத்திலும் குறை சொல்ல முடியாது. அப்படியிருக்க, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை எதற்காகப் பிரிக்கிறீர்கள் என்று உன் தங்கை கேட்டாள். காக்கி புக்கிட்டில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் முதலாளி, நம் தவுக்கேயின் மகனும் அதையேதான் கேட்டான். ஆனால் இந்தப் பேரிங்கைப் பொறுத்தவரை சத்தம் வந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. தட்டும் ஒலி காதில் விழும் நேரத்தில் பேரிங் தன் ஆயுளை முடித்துக்கொண்டு கிராங்க்கைக் கீறத் தொடங்கியிருக்கும். சில நூறு சிங்கப்பூர் வெள்ளி விலையுள்ள சாமானோடு தீரவேண்டிய காரியம் எஞ்சினையே கொண்டுபோய்விடும். அதனால்தான் ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் பழைய ஆயிலை ஒரு சிறு புட்டியில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி வந்தேன். ஆயிலில் எந்த உலோகம் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு கலந்திருக்கிறது என்று அவர்கள் கணக்கிட்டு எழுதித் தருவார்கள். ஈயமும் செம்பும் கூடினால் பேரிங்கைச் சந்தேகப்படவேண்டும். ஒரு முறை கூடினால் பொறுத்துப் பார்க்கலாம். அடுத்தடுத்து ஏறினால் பொறுக்கக்கூடாது. எனக்கு ஈயம் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியாகக் கழற்றிய ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புகளைப் பிரித்து வெயிலில் காட்டியபோது, அவற்றுக்கிடையே பொடிப்பொடியாக ஏதோ மின்னியது.

இந்த எஞ்சினின் குணம் உனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் அதைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. 3,246 சிசி, நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், 343 குதிரைத்திறன். அந்தத் திறன் முழுவதும் கிடைப்பது நிமிடத்துக்கு 7,900 சுற்றில். பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தூரம் 91 மில்லிமீட்டர். 8,000 சுற்றில் அதன் சராசரி வேகம் விநாடிக்கு 24 மீட்டருக்கு மேல் வருகிறது. அந்த வேகத்தில் ஓடிக்கொண்டே ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நின்று திரும்பவும் வேண்டும். அந்த உதை முழுவதையும் வாங்கிக்கொள்பவை ராடின் பெரிய முனையில் பேரிங்காக இருக்கும் இரண்டு அரைவட்ட ஓடுகள். ஓட்டுக்கும் கிராங்க்குக்கும் நடுவே தலைமுடியின் தடிமன்கூட இல்லாத ஆயில் படலம் இருக்கிறது; அது இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடாது. ஆரம்ப ஆண்டுகளில் வந்த கார்களை பிஎம்டபிள்யூ நிறுவனமே திரும்ப அழைத்து இந்த ஓடுகளை மாற்றிக்கொடுத்தது உனக்கு நினைவிருக்கும்.

ஆயில் சூடேறும்வரை மிதிக்காதே என்று சொல்வதற்காகத்தான் சுற்றுமானியில் ஆரஞ்சு விளக்குகளை வைத்திருக்கிறார்கள். சூடேற ஏற அவை ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே போகும். நம் ஊர் வெயிலில் ஆயில் சூடாவதற்கு என்ன கஷ்டம் என்று கேட்பாய். கஷ்டம் வெயிலில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. 10டபிள்யூ-60 என்ற அந்தக் கெட்டியான ஆயில் தெம்பனிஸிலிருந்து கல்லாங் போவதற்குள் ஒழுங்காகச் சூடாவதில்லை. கடைசி விளக்கு அணையும்போது நான் கார் நிறுத்துமிடத்துக்குள் திரும்பிக்கொண்டிருப்பேன். விரைவுச்சாலையில் உச்சவரம்பே 90 கிலோமீட்டர். இந்தக் கார் இரண்டாவது கியரிலேயே சிவப்புக் கோட்டைத் தொடுவதற்கு முன் 90ஐத் தாண்டிவிடும். இப்படி ஓர் எஞ்சினை இந்தத் தீவில் வைத்துக்கொண்டிருப்பவன் புத்திசாலி இல்லை என்று நீ பல முறை சொல்லியிருக்கிறாய். அந்த லேண்ட்ரோவர் விவகாரத்துக்குப் பிறகு புத்திசாலித்தனத்தைப் பற்றிப் பேச உனக்கு உரிமை இல்லை என்பதை மட்டும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கழற்றிய ஓடுகளைத் தவுக்கே ஒரு பழைய சீன நாளிதழின்மேல் சிலிண்டர் வரிசைப்படி பரப்பி வைத்திருந்தார். மேல்வரிசையில் ராடு பக்கத்து ஓடுகள் ஆறு, கீழ்வரிசையில் மூடிப் பக்கத்து ஓடுகள் ஆறு. எரிப்பின் அடி மேல் ஓட்டின்மீதுதான் விழும் என்பதைப் படித்திருக்கிறேனே தவிர, கண்ணால் பார்த்தது அன்றுதான். கீழ்வரிசை ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. மேல்வரிசையில் ஒவ்வொரு ஓட்டின் நடுவிலும் சாம்பல் பூச்சு தேய்ந்து, விரல்நுனி அகலத்துக்குச் செம்பு தெரிந்தது. ஒன்றில் மட்டும் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் இருந்தன, தடவினால் கையில் தட்டுப்பட்டன. நான் அந்த ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பொருட்படுத்தாமல் காருக்கு அடியில் போய், அந்த ராடு உட்காரும் இடத்தில் கிராங்க்கின்மேல் கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே மெதுவாக இழுத்தார். பிறகு விளக்கை வேறு கோணத்தில் பிடித்து இன்னொரு முறை இழுத்தார். ‘போலே’ என்றார், மலாயில் ‘ஆகும்’ என்று. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

செலவைச் சொல்கிறேன். ஆறு ராடுக்கும் சேர்த்துப் புதிய ஓடுகள் 400 வெள்ளிக்கு உள்ளேதான் வந்தன. ராடு போல்ட்டுகள் அதைவிடக் குறைவு. இறுக்கும்போதே சற்று நீண்டுகொடுத்துப் பிடிக்கும் வகைப் போல்ட்டுகள் அவை; கழற்றியதைத் திரும்பப் போடக்கூடாது. கூலி மட்டும் 2,000ஐத் தாண்டியது. எஞ்சினை மேலிருந்து தூக்கிப் பிடித்துத் தொங்கவிட்டு, எஞ்சின் மவுண்ட்டுகளைக் கழற்றி, ஸ்டியரிங் ரேக்கை விடுவித்து, முன்பக்கச் சப்ஃபிரேமை இறக்கிய பிறகுதான் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனுக்கே கை போகும். சமையலறைக் குழாயில் ஒரு வாஷர் மாற்றுவதற்குச் சுவரை இடித்த கதைதான். சுவரை இடித்துவிட்ட பிறகு அதற்குள் இருக்கும் மற்றக் குழாய்களும் கண்ணில் படும் அல்லவா? மவுண்ட்டின் ரப்பர் வெடித்திருந்தது, கண்ட்ரோல் ஆர்ம் புஷ்கள் தொய்ந்திருந்தன, ஆயில் பேன் கேஸ்கட்டை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதற்கு நான் ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன்: இப்போது செய்தால் சாமான் விலை மட்டும், பிறகு செய்தால் மறுபடியும் அதே கூலி என்றால் செய்துவிடவேண்டும்; கூலி தனியாக விழும் வேலை எதுவானாலும் இன்று வேண்டாம். தவுக்கேயின் மகன் பரிந்துரைத்த எடை குறைந்த ஃப்ளைவீலுக்கு இந்த வரம்பைக் காட்டித்தான் முடியாது என்றேன். எல்லாம் சேர்ந்து 9 விழுக்காடு பொருள் சேவை வரியோடு வந்த தொகையை உன் தங்கையிடம் சொன்னதைவிடச் சற்றுக் கூடுதலாக நினைத்துக்கொள்.

பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று நீ கேட்பாய். கூலி அங்கே குறைவு என்பது உண்மை. டயர், பிரேக் பேட் என்றால் நானும் அங்கேதான் போவேன். ஆனால் போல்ட்டை எத்தனை டிகிரி திருப்பினார்கள் என்பதில்தான் எஞ்சினின் உயிரே இருக்கிறது என்னும்போது, அந்த நேரத்தில் நான் பக்கத்தில் நிற்கவேண்டும். பாலத்தின் நெரிசலில் தினமும் அந்தப் பக்கம் போய்வர என்னால் ஆகாது. இங்கேயே வேறொரு பட்டறைக்காரர், பெயர் வேண்டாம், பேரிங்கைத் தொடாதீர்கள், நல்ல பழைய எஞ்சின் ஒன்றை முழுதாகப் போட்டுத் தருகிறேன் என்றார். அந்த எஞ்சினின் ஆயில் பேனை எனக்குத் திறந்து காட்டுவீர்களா என்று கேட்டேன். அதற்கு அவர் சிரித்தார். என் பேரிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதாவது எனக்குத் தெரியும்; யாரோ ஒருவர் எப்படியோ ஓட்டிய எஞ்சினின் தேய்மானத்தைக் காசு கொடுத்து வாங்கி, பதிவில் எஞ்சின் எண்ணையும் மாற்றுவதற்கு அலையவேண்டும் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

இனி, இவ்வளவு செலவு தகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் ஆழமாகவே யோசித்திருக்கிறேன். 2003இல் பதிவான கார் இது. 2013இல் ஒரு முறையும் 2023இல் ஒரு முறையும் சிஓஇயை, அதாவது கார் வைத்திருக்க ஏலத்தில் விடும் உரிமைச் சான்றிதழை, பத்துப் பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தாயிற்று. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு ஏலத்தில் 150,001 வெள்ளிக்குப் போனது அங்கே உனக்குக்கூடக் கேட்டிருக்கும். நான் கட்டியது மூன்று மாதச் சராசரிதான் என்றாலும் அதுவும் 100,000 வெள்ளிக்கு மேல். அப்படியென்றால் கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதத்துக்கு 800 வெள்ளிக்கு மேல் அந்தச் சான்றிதழ் தேய்ந்துகொண்டே இருக்கிறது. பழைய கார் என்பதால் 50 விழுக்காடு கூடுதல் வரியோடு சாலைவரி ஆண்டுக்கு 4,000ஐத் தாண்டுகிறது. இவற்றுக்கு முன்னால் பேரிங் வேலையின் மொத்தச் செலவு சில மாதச் சிஓஇக்குச் சமம், அவ்வளவுதான். நான் இந்த ஊரில் வைத்திருக்கும் காரில் மிக மலிவான பகுதி அதன் எஞ்சின்தான் என்று சொன்னால் அது வேடிக்கைப் பேச்சில்லை. இன்றே காரைப் பதிவு நீக்கினால் மீதி ஆண்டுகளுக்கான சிஓஇ தொகை திரும்பக் கிடைக்கும் என்பது தெரியும். பட்டறையில் பெரிய தொகையாகச் சொல்லும்போதெல்லாம் பலர் அந்தக் கதவு வழியாகத்தான் வெளியேறிவிடுகிறார்கள். நல்ல கார்கள் பல அப்படித்தான் போயின.

என் கவலை இப்போது எஞ்சினின் மேல்பக்கம் ஏறியிருக்கிறது. கீழே சத்தம் இல்லை என்றேன், மேலே இருக்கிறது. வேகம் தணியும்போது கோலிக்குண்டுகளைக் குலுக்குவது போன்ற அந்த ஒலியை நீயே போன வருகையில் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தாய். வேனோஸ்தான், வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றியமைக்கும் பகுதி. வெளியேற்றுப் பக்கத்துக் கேம் ஷாஃப்ட் ஹப்பின் இரண்டு நாக்குகள் ஒரு தட்டின் துளைகளுக்குள் நுழைந்து வேனோஸின் உயர் அழுத்தப் பம்பைச் சுழற்றுகின்றன. அது 100 பாருக்கு மேல் அழுத்தம் கொடுக்கும் பம்பு. ஆண்டுக்கணக்கில் அடித்து அடித்துத் துளை பெரிதாகிவிட்டது. தட்டு தேய்வதோடு நின்றால் சத்தம் மட்டும்தான். நாக்கு உடைந்து டைமிங் செயினுக்குள் விழுந்தால் கீழே செலவழித்ததெல்லாம் வீண். அதைச் செய்யும்போதே வால்வு மூடியும் திறந்திருக்கும், ஷிம் என்ற மெல்லிய தகடுகளை வைத்து வால்வு இடைவெளிகளையும் சரிசெய்துவிடலாம். என் வரம்புப்படி அது இன்னொரு வாசல், இன்னொரு கூலி, அதனால்தான் ஒத்திவைத்தேன்.

ஆனால் அதிக நாள் ஒத்திவைக்க முடியாது போலிருக்கிறது, அதற்குக் காரணம் எஞ்சின் அல்ல. தவுக்கேயின் கை நடுங்குகிறது, குணா. போல்ட்டை இறுக்கும்போது நடுங்கவில்லை. தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது நடுங்குகிறது. பட்டறைக் குத்தகை முடிந்தால் புதுப்பிக்கப்போவதில்லை என்று இயல்பாகச் சொன்னார். மகன் மின்சாரக் கார்ப் பயிற்சிக்குப் போகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களும் தூய எரிசக்தியில் ஓடுபவையாக இருக்கவேண்டும் என்று அரசாங்கம் அறிவித்துவிட்ட ஊரில், ஷிம் மாற்றக் கற்றுக்கொண்டு அவன் என்ன செய்வான்? என் சிஓஇ 2033 வரை இருக்கிறது. ஓடுகளைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அவற்றை நகத்தால் தொட்டு ‘போலே’ என்று சொல்ல ஆள் வேண்டும்.

ஆகவே அவர் இருக்கும்போதே மேல்பக்கத்தையும் முடித்துவிடத் தீர்மானித்திருக்கிறேன். இதில் உன் உதவி தேவை. பெர்த்தில் இந்தக் கார்களைப் பிரித்து விற்கும் இடங்கள் இருப்பதாகச் சொன்னாயே, அங்கே வெளியேற்றுப் பக்கத்து ஹப் ஒன்று, பழையதானாலும் பரவாயில்லை, நாக்குகள் முழுதாக உள்ளதாகக் கிடைக்குமா என்று பார். அதை முன்கூட்டியே இங்கே கடைசல் வேலைக்காரரிடம் கொடுத்து, புதுத் தட்டுக்குத் தகுந்தபடி பொருத்தி வைத்துக்கொண்டால், எஞ்சினைத் திறந்துபோட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. தட்டும் சீல்களும் வாங்கிவிட்டேன், அவை வேண்டாம். வாங்குவதற்கு முன் நாக்குகளின் அடியில் முடி அளவுக்கேனும் விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார். விற்பவர் சொல்வதை நம்பாதே. தீபாவளிக்கு வரும்போது கையிலேயே கொண்டுவந்துவிடு, 500 வெள்ளிக்குள் இருந்தால் சாங்கியில் வரி கேட்கமாட்டார்கள். கிடைக்குமா கிடைக்காதா என்பதை மட்டும் சீக்கிரம் எழுது; தவுக்கேயிடம் நான் நாள் குறித்து வாங்கவேண்டும்.

அன்புடன்,
சேகர்