வீணாவது எழுதுகிற தாள் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எல்லாம் கைத்தொலைபேசியிலேயே முடிந்துவிடுகிற காலத்தில் தாளில் எழுதுவது வீண், மரத்துக்குச் செய்கிற துரோகம் என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எழுதுபொருள் கடை வைத்திருக்கிறேன். நகலெடுக்கும் இயந்திரமும் உண்டு. தாள் விற்றுப் பிழைக்கிறவன் வேறு எப்படிப் பேசுவான் என்று நினைக்க வேண்டாம். தாள் வீணாகிறது என்பதில் அவரோடு ஒத்துப்போகிறேன். ஆனால் வீணாவது எழுதுகிற தாள் இல்லை, நகலெடுக்கிற தாள்.

எழுதுகிறவர்கள் எவ்வளவு சிக்கனக்காரர்கள் என்பதைக் கடைக்கு வந்து பார்த்தால்தான் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் வகுப்பாசிரியருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். தோட்டத்திலிருந்து வரும் அம்மா மோட்டார் சைக்கிளை அணைக்காமலே நிறுத்திவிட்டு, "அண்ணே, ஒரே ஒரு தாளு, அப்புறம் பேனாவும் கொடுங்க" என்பார். கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்து எழுதுவார். பாதித் தாளில் கடிதம் முடிந்துவிடும். மீதிப் பாதியை மடித்துக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொள்வார். இவர்களை ஒரு தாளுக்காக டெஸ்ட் பேட் என்ற எழுதுதாள் கட்டு முழுவதையும் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பிரித்துத்தான் விற்கிறேன்.

மருந்து அட்டவணை எழுதுவதற்கென்றே தாள் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பாட்டிக்குப் பேத்தி எழுதிய அட்டவணையைப் பார்த்தேன். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அதனால் காலை மாத்திரைக்குச் சூரியன், இரவு மாத்திரைக்கு நிலா, சாப்பிட்ட பிறகு போட வேண்டியதற்குப் பக்கத்தில் ஒரு தட்டு. மாத்திரையின் நிறத்தையும் கலர் பென்சிலால் தீட்டியிருந்தாள். ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டால் போதும், சார்ஜ் போட வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் இதை அனுப்பியிருந்தால் பாட்டி யாரிடம் போய்த் திறந்து காட்டச் சொல்வார்?

வங்காளதேசத்திலிருந்து வந்து செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பிகள் வாங்குவது 555 என்று அட்டையில் போட்ட குட்டி நோட்டு. முன்பு மளிகைக் கடைக் கடனை எழுத நம் வீடுகளில் இருந்ததே, அதேதான். இவர்கள் அன்றன்று வெட்டிய குலைக் கணக்கைத் தாங்களும் ஒரு பக்கம் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். எண்ணிக்கையில் தகராறு வந்தால் காட்டலாம். கெட்டிக்காரத்தனம்தான். மழையில் நனைந்தால் ஜெல் பேனா எழுத்து கரையலாம், பென்சிலால் எழுதுங்கள் என்று அவர்களிடம் சொல்வதுண்டு.

பந்தல் போடும் மாதங்களில் மொய் நோட்டு நன்றாகப் போகும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு எழுத ஆரம்பிப்பார்கள். கல்யாணம் முடிந்த கையோடு அதே நோட்டு நகலெடுக்க என்னிடம் திரும்பி வரும், அண்ணன் தம்பி இருவருக்கும் ஆளுக்கொன்று வேண்டுமே! இந்த நகலை நான் வீண் என்று சொல்லமாட்டேன்.

ரசீது விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் கொடுக்கும் வழவழப்பான ரசீதில் மை கிடையாது. தாளின் மேல் பூசியிருக்கும் ரசாயனம் சூடு பட்டுக் கறுப்பதுதான் எழுத்து. நம் ஊர் வெயிலில் சில மாதத்தில் மங்கிப்போகும். பத்திரமாக இருக்கட்டும் என்று சிலவகை பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம் மங்கும். துணி துவைக்கும் இயந்திரம் கெட்டுப்போய், உத்தரவாதத்துக்காக ரசீதை எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். இப்படி என்னிடம் வந்து நின்றவர்கள் உண்டு. வாங்கிய அன்றே தேதி, விலை, கடைப் பெயரைப் பேனாவால் ஒரு தாளில் எழுதி, ரசீதின் நகலையும் சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.

எங்கள் ஊர்க்காரரும் அப்போதைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்ட மக்கள் சேர்ந்தார்கள் அல்லவா, அந்தக் காலத்து உறுப்பினர் தாள்களை இன்றும் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து வருகிறார்கள். ஓரம் பழுப்பேறி, கிளிப் இருந்த இடத்தில் துருக்கறை பிடித்திருக்கும். அப்படியும் பெயரைப் படிக்க முடிகிறது, ரசீதைப் போல மங்கிவிடவில்லை.

சரி, வீண் எங்கே? கட்டின் மேல் 80 கிராம் என்று போட்டிருப்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. ஏ4 தாள் 16 சேர்ந்தால்தான் ஒரு சதுர மீட்டர். அதாவது ஒரு தாள் 5 கிராம், 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ. அந்த அம்மாவின் கடிதம் இரண்டரை கிராம்கூட இருக்காது. ஒரு விண்ணப்பத்துக்கு அடையாள அட்டையின் முன்பக்கம் ஒரு தாளிலும் பின்பக்கம் இன்னொரு தாளிலுமாக மூன்று பிரதி, கணவருக்கும் மனைவிக்கும் தனித்தனியாக, அப்புறம் சம்பளச் சீட்டு, மின்சார பில், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் என்று எடுத்தால் நூறு கிராமைத் தாண்டிவிடும். அலுவலக முகப்பில் இருப்பவர் பல சமயம் ஒரு பிரதிக்கு மேல் வாங்குவதே இல்லை. மீதியை விண்ணப்பிக்க வந்தவர் வீட்டுக்கே கொண்டுபோகிறார். நகலுக்குக் கிடைக்கும் காசுக்காக நான் மகிழலாம்தான், ஆனால் நாள் கூலியை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றவரிடம் அதை வாங்கக் கூச்சமாக இருக்கிறது. அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே தாளில் அடங்கும். ஒரு பிரதி போதும் என்று அலுவலகங்கள் அறிவிப்பு ஒட்டினால் என் வருமானம் குறையும், குறையட்டும்.

கோணலாக விழுந்து கெட்டுப்போன நகல்களை நான் பின்பக்கம் மேலே தெரியும்படி கடை வாசலில் ஒரு பெட்டியில் அடுக்கி வைக்கிறேன். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு நகல்களை மட்டும் அதில் போடுவதில்லை, கிழித்துவிடுவேன். கோரெங் பீசாங் என்ற வாழைப்பழ பஜ்ஜி சுற்றி வந்த தாளில் யாரோ ஒருவரின் அடையாள அட்டை எண்ணைப் படித்ததிலிருந்து இந்தப் பழக்கம். மற்றவற்றைக் கணக்குப் போட, சாமான் பட்டியல் எழுத, பிள்ளைகள் படம் வரைய யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
எழுதுபொருள் கடைக்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்.