ஆங்கில ஆசிரியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, வகுப்பில் வீடியோவைப் பயன்படுத்துவது என்ற ஒரே பொருளுக்கு இந்த ஆண்டின் கூட்டங்களை ஒதுக்கினோம். உறுப்பினர் சேர்க்கையும் நிர்வாகக் குழுக் கூட்டங்களும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பாடம் முடிந்த பிறகு போட்டுக் காட்டுவதுதான் வீடியோ என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருந்தது. முழுப் படத்தையும் ஓடவிட்டு "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது" என்பார்கள், அதற்கு மேல் பேச்சு எழாது. ஆகவே இரண்டு மூன்று நிமிடக் காட்சி போதும், ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் மாணவருக்கு ஒரு வேலை இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

நம் உறுப்பினர் ஒருவர் நடத்திய மாதிரி வகுப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் எடுத்துக்கொண்ட காட்சியில், வாங்கிய காலணியைத் திருப்பிக் கொடுக்க ஒருவர் கடைக்கு வருகிறார். ஆசிரியர் முதலில் அதை ஒலியில்லாமல் காட்டினார். அவரும் கடைக்காரரும் என்ன பேசியிருப்பார்கள் என்று மாணவர்கள் ஜோடி ஜோடியாக எழுதினார்கள். அப்புறம் ஒலியோடு ஓட்டியபோது, தாங்கள் எழுதிய வசனம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டார்கள். கடைக்காரர் 'வுட் யூ லைக்' என்பதை 'வுஜ லைக்' என்று விழுங்கிய இடத்தில் வகுப்பே திகைத்தது. அந்தச் சில நொடிகளை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டி, வாயசைவைக் கவனிக்கச் சொன்னார். அச்சுப் புத்தகத்தால் இதைக் கற்றுத்தர முடியாது.

காது மட்டும் கேட்பதில்லை என்பதற்குச் சான்றும் உண்டு. 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள்: 'பா' என்ற ஒலியோடு 'கா' சொல்லும் வாயசைவைக் காட்டினால் பலருக்கும் 'டா' என்று கேட்கிறது. இதைக் கூட்டத்தில் விளக்கிய பிறகு, ஒலிப்பதிவே போதும் என்றவர்களும் யோசிக்கத் தொடங்கினார்கள்.

காரசாரமான விவாதம், பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வசனவரிகளைப் பற்றித்தான். எழுத்து கண்ணில் பட்டால் காது தூங்கிவிடும் என்றனர் சிலர்; தொடக்க நிலை மாணவர்கள் அது இல்லாமல் சோர்ந்துவிடுவார்கள் என்றனர் மற்றவர்கள். இரண்டுமே சரி. முதலில் வரியில்லாமல், பிறகு ஆங்கில வரியோடு, கடைசியில் மறுபடி வரியில்லாமல் காட்டுவது நல்லது என்பது என் கருத்து. யூடியூபில் 2009 முதல் தானியங்கி வசனவரி வருகிறது. ஆள், ஊர்ப் பெயர்களிலும் வேகமான பேச்சிலும் அது அடிக்கடி தடுமாறும். முன்கூட்டியே சரிபார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். மேல்நிலை மாணவர்களிடம் அந்தப் பிழைகளையே கொடுத்துத் திருத்தச் சொல்லலாம், அருமையான பயிற்சி.

கடைசி பெஞ்சுக்கு ஒலி எட்டவில்லை என்ற குறை எல்லாக் கூட்டத்திலும் எழுந்தது. படம் மங்கினால் சமாளிக்கலாம், ஒலி மங்கினால் மொழிப்பாடமே நடக்காது. உறுப்பினர்கள் எடுத்துச் செல்ல ஒரு நல்ல ஒலிபெருக்கியைச் சங்கம் வாங்கலாம் என்ற தீர்மானத்தை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

வரும் ஆண்டில், மாணவர்களே கைப்பேசியில் எடுக்கும் உரையாடல் காட்சிகளை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். நீங்கள் பயன்படுத்திய காட்சிக்கான பயிற்சித்தாளை அடுத்த கூட்டத்துக்குள் என்னிடம் கொடுத்துவிட்டால் பொதுக் கோப்பில் சேர்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
செயலாளர்