மூன்று பூட்டு, நூற்றைந்து வெள்ளி

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிறு மாலை, மழை

மச்சான்,

இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதென்றால் வீட்டுக்கு வந்து திட்டு, மீன்கறி ஆக்கி வைக்கச் சொல்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். தண்டல் வீட்டுப் பையன் இன்னும் அதே மோட்டாரைத்தான் உதைத்துக்கொண்டிருக்கிறான். ஊர்க்கதை இவ்வளவு போதும்.

எழுத உட்கார்ந்த காரணம் உன் குரல் செய்தி. லூனாஸில் மூன்று கதவுக்குப் புதுப் பூட்டு போட்டேன், கதவுக்கு 35 வெள்ளி வாங்கினேன், எல்லாருக்கும் சந்தோஷம் என்றாய். எல்லாருக்கும் இருக்கும்தான். உனக்கு எவ்வளவு மிஞ்சியது என்று கணக்குப் போட்டேன்.

மூன்று கதவுக்கு 105. பெட்ரோல் 15. ட்ரில் பிட் தேய்மானம், மரப்பசை, உப்புத்தாள் என்று 10. மிச்சம் 80. வேலை ஒரு முழு நாள். பிறகு ஒரு கதவு பூட்டவில்லை என்று கூப்பிட்டு அரைநாள் போனாய், அதையும் நீயேதான் சிரித்துக்கொண்டு சொன்னாய். ஒன்றரை நாளுக்கு 80 என்றால் நாளுக்கு 53 வெள்ளி 33 காசு. குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் மாதம் 1,700 வெள்ளி ஆனது. 26 நாளால் வகுத்தால் 65 வெள்ளி 38 காசு. முதலாளி போடும் 13 விழுக்காடு இபிஎப் சேமநிதியையும் சேர்த்தால் 74-க்குப் பக்கம் வருகிறது. சொந்த ட்ரில், சொந்த மோட்டார், சொந்த முதுகு எல்லாவற்றையும் போட்டு, கடைக் கல்லாவில் நிற்கும் பிள்ளையைவிட நாளுக்கு இருபது வெள்ளி குறைவாக வாங்கியிருக்கிறாய். அந்தக் காலத்துத் தோட்டத்து எழுத்தர் கிராணி, ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலை எழுதியிருந்தால்கூட உனக்கு இதைவிட நல்ல கணக்கு வந்திருக்கும்.

இனிமேல் யாராவது "பூட்டு போட எவ்வளவு?" என்று போனில் கேட்டால் விலை சொல்லாதே. கதவின் படம் நான்கு அனுப்பச் சொல்: வெளிப்பக்கம், உள்பக்கம், கதவு விளிம்பு, நிலைக்கால். படம் வராவிட்டால் "பார்த்துட்டுத்தான் சொல்வேன்" என்று நிறுத்திக்கொள். பூட்டு எல்லாம் ஒரே பெட்டியில்தான் வருகிறது, கதவுதான் ஒவ்வொன்றும் ஒரு தினுசு.

இங்கே நான் வாங்குவதைச் சொல்கிறேன். பழைய குமிழ்ப் பூட்டைக் கழற்றி அதே ஓட்டையில் புதியது போட 50, டவுனுக்குள் வந்துபோகும் செலவும் அதிலேயே. ஓட்டை போடாத புது மரக்கதவுக்கு 90. கதவின் கனத்துக்குள் பெட்டி இறங்கும் மோர்ட்டிஸ் என்றால் 150. டிஜிட்டல் பூட்டு 200. நிலை இரும்பாக இருந்தால் எதுவானாலும் மேலே 40, ஏனென்றால் பூட்டிலிருந்து நீண்டு நிலைக்குள் இறங்கும் நாக்கு போகும் துளையை உளியால் வெட்ட முடியாது, கிரைண்டரும் அரமும் எடுக்கவேண்டும். இரவு ஒன்பதுக்கு மேல் பாதி கூடுதல். உன் ஊரில் கூடலாம், குறையலாம். என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஏன் இவ்வளவு தூரம் என்று மட்டும் பார்.

"அதே ஓட்டை" என்கிற இடத்தில்தான் பலபேர் விழுகிறார்கள். கதவு விளிம்பிலிருந்து பெரிய ஓட்டையின் நடுப்புள்ளி வரைக்கும் அளக்கவேண்டும். 60 மில்லிமீட்டரும் உண்டு, 70-உம் உண்டு. பழைய ஓட்டை 70-இல் இருக்கும், வீட்டுக்காரர் கைப்பேசியில் வாங்கி வைத்த பூட்டின் நாக்கு 60-ஆக இருக்கும். சில நாக்கைத் திருகினால் நீளும். திருகாத வகையென்றால் நீ கடைக்கு ஓடவேண்டும், அந்த ஓட்டத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள். அதனால் ட்ரில்லை எடுப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து நாக்கைப் பார். அவர்கள் வாங்கிய பூட்டென்றால் உன் பொறுப்பு பொருத்தியதற்கு மட்டும். பூட்டு உள்ளே செத்தால் அது விற்றவனோடு பேசவேண்டிய பேச்சு, இதை வேலைக்கு முன்னாலேயே சொல்லிவிடு.

இன்னும் மோசமானது, மோர்ட்டிஸை எடுத்துவிட்டு மலிவாகக் குமிழ் போடச் சொல்வது. உள்ளே பெரிய குழி. குமிழை இறுக்கினால் பிடிக்க மரமே இல்லை, கதவு அமுங்கும். குழி அளவுக்குக் கட்டை அறுத்து, பசை போட்டு இறக்கி, காயவிட்டு, மறுநாள்தான் துளைக்க முடியும். இரண்டு பயணம். இதை 90-க்கு ஒப்புக்கொண்டால் கைக்காசு போகும். 160 சொல், இல்லையென்றால் பழைய பெட்டி அளவிலேயே மோர்ட்டிஸ் வாங்கச் சொல். பாதிப் பேர் இரண்டாவதற்கு ஒப்புக்கொள்வார்கள்.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு அறைக்கதவுகளைத் தட்டிப் பார். பலது உள்ளே வெற்று. பூட்டு உட்காரும் உயரத்தில் மட்டும் ஒரு மரக்கட்டை வைத்திருப்பார்கள், அதுவும் சில கதவில் ஒரு பக்கத்தில் மட்டும். கதவைத் திருப்பி மாட்டியிருந்தால் கட்டை கீல் பக்கம் போயிருக்கும். தட்டும்போது டொக் டொக் என்று கெட்டியான சத்தம் வராத பக்கத்தில், வட்ட ஓட்டை அறுக்கும் ஹோல்சாவை வைக்காதே.

ஹோல்சா என்றதும் ஞாபகம். 54 மில்லிமீட்டரை ஒரே பக்கத்திலிருந்து நெட்டாகத் தள்ளினால் மறுபக்கத்துப் பிளைவுட் சில்லுச் சில்லாகப் பெயரும். நடு பிட்டின் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்தவுடன் நிறுத்து. சுற்றிப் போய் அந்தச் சின்னப் புள்ளியில் வைத்து அங்கிருந்து துளை. விளிம்பில் நாக்குக்கான 25 மில்லிமீட்டர் துளை கதவுக் கனத்தின் நட்ட நடுவில், நேராகப் போகவேண்டும். அது ஒருபக்கம் சாய்ந்தால் நாக்கு உரசும், வீட்டுக்காரர் எண்ணெய் விடுவார், எண்ணெய் தூசியைப் பிடிக்கும், ஆறு மாதத்தில் உன்னைத்தான் கூப்பிடுவார். சாவித்துளைக்குக் கிராஃபைட் தூள் போதும்.

செங்கால் மர நிலையென்றால் கூடுதலாக 20 கேள், வெட்கப்படாதே. அந்த மரம் உளியையே கேள்வி கேட்கும். முன்துளை போடாமல் பித்தளைத் திருகாணியை ஏற்றினால் தலை முறிந்து பாதி உள்ளேயே நிற்கும். முன்துளை போட்டபிறகு, முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றி இறக்கி வழி பண்ணு, பிறகு பித்தளையில் சோப்பு தடவி ஏற்று. நிலையைக் கறையான் தின்றிருந்தால் பூட்டுக்கு விலையே சொல்லாதே. தச்சரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வா.

உன்னை அரைநாள் அலையவைத்த கதவு எதனால் பூட்டவில்லை? பார்க்காமலே சொல்கிறேன், மேல் கீல் தளர்ந்திருக்கும். கதவு தொங்கியதால் நாக்கு துளைக்குக் கீழே இடிக்கிறது. நாக்கில் சாக்பீஸ் தூள் தடவிக் கதவை மூடித் திறந்தால் நிலையில் இருக்கும் தகட்டில் எங்கே படுகிறது என்று தெரியும். மேல் கீலில் ஒரு திருகாணியை எடுத்துவிட்டு மூன்று அங்குலம் போட்டு நிலையோடு இழு, கதவு எழும்பும். நீ தகட்டை அரத்தால் ராவியிருப்பாய், எனக்குத் தெரியும். மழையில் கதவு ஊதியிருந்தாலும் இதே கதைதான். கண்டபடி இழைத்தால் வெயிலில் சந்து விழும், மூன்று மில்லிமீட்டர் இடைவெளி போதும். இழைத்த விளிம்புக்கு வார்னிஷ் அடிக்காமல் வந்தால் அடுத்த மழையில் மறுபடி ஊதும். கீலையும் இடைவெளியையும் பூட்டுக்கு முன்னால் பார்க்கிற அந்தப் பத்து நிமிடமும் உன் விலைக்குள் இருக்கவேண்டும்.

டிஜிட்டலில் 200-இல் ஐம்பது வெள்ளி பாடம் நடத்துவதற்கு. ரகசிய எண் மாற்றுவது, நான்கு பேட்டரியையும் ஒன்றாக மாற்றுவது, பேட்டரி செத்தால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பது எங்கே என்பது, எல்லாம் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் சேர்த்துச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நடுராத்திரியில் போன் வரும். கூடவே வரும் இரும்புச் சாவியை வீட்டுக்குள்ளேயே மாட்டிவைக்காதீர்கள் என்பதையும் இரண்டு தடவை சொல்.

தோட்டத்து வீட்டுப் பலகைக் கதவு வேறு சாதி. ஒரு அங்குலக் கனம்தான், குமிழ்ப் பூட்டுக்குப் பெரும்பாலும் 35 மில்லிமீட்டராவது வேண்டும். மேலே ஒட்டிப் பொருத்தும் பூட்டுதான் சரி, 60 வாங்கு. ஆனால் கதவு நிர்வாகத்துடையது. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்காமல் துளை போடாதே.

விலையில் நீ இளகுவது ஏன் என்று எனக்குத் தெரியும். கதவைத் திறப்பவர் எல்லாரும் மாமா, அத்தை, பள்ளிக்கூட வாத்தியார். அவர்களுக்குக் குறை, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பில்லில் "90, கழிவு 20" என்று எழுது. 70 என்று மட்டும் எழுதினால் அடுத்த வாரம் அவர் மச்சினரும் 70 என்றுதான் வருவார், அந்த மச்சினரை உனக்கு யாரென்றே தெரியாது.

ஒன்றை விளையாட்டில்லாமல் சொல்கிறேன். உள்ளேயும் சாவி போட்டுத்தான் திறக்கவேண்டும் என்கிற பூட்டை வாசல் கதவுக்குக் கேட்பார்கள். அதற்குமேல் கிரில்லில் உட்பக்கம் தொங்குபூட்டு, ஜன்னலெல்லாம் கம்பி. ராத்திரி தீப்பிடித்தால் புகைக்குள் சாவியைத் தேடும் நேரம் யாருக்கும் இருக்காது. உட்பக்கம் கையால் திருப்பும் வகையைத்தான் போடு. பிடிவாதம் பிடித்தால் வேலையை விட்டுவிட்டு வா, அந்த 90 வெள்ளி நமக்கு வேண்டாம். கிரில் சாவிக்கு, கதவிலிருந்து கைக்கு எட்டுகிற, வெளியிலிருந்து எட்டாத இடத்தில் ஒரு ஆணி அடித்துக் கொடு. அதற்குக் காசு வாங்காதே.

மழை விட்டுவிட்டது, கடைத்தெருவுக்குப் போகவேண்டும். அடுத்த கதவுக்கு என்ன விலை சொன்னாய் என்று எழுது, எண் பெரிதாக இருந்தால் மட்டும். தீபாவளிக்கு வரும்போது என் ஒரு அங்குல உளியைக் கொண்டு வா. நீ எடுத்துப் போய் இரண்டு வருடம் ஆகிறது, வாடகை எவ்வளவு என்று நான் இன்னும் கணக்குப் போடவில்லை.

உன்
மச்சான்