தவணை கட்டப்போவது பிள்ளைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொறியியல் கலந்தாய்வு சமயத்தில் வருஷா வருஷம் காதில் விழுகிற அறிவுரை உங்கள் சென்ற இதழ்க் கட்டுரையிலும் இருந்தது: செலவைப் பார்க்காதீர்கள், பிள்ளைக்குப் பொருந்துகிற கல்லூரியைப் பாருங்கள் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வங்கியில் கல்விக் கடன் பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு இதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெரிய கடன் வாங்கிச் சேர்த்துவிட்டால், 21 வயதில் அந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதைக் கடன்தான் முடிவு செய்யும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வீதம் நான்கு வருஷத்தில் ஆறு லட்சம் கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கிடையாது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தனி வட்டியாகப் போட்டாலே, தவணை தொடங்கும்போது பாக்கி 8 லட்சத்து 10 ஆயிரம் ஆகியிருக்கும். பத்து வருஷத்தில் அடைக்க வேண்டுமென்றால் மாதம் சுமார் 10,700 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் காலத்து வட்டிக்கு மத்திய அரசின் மானியம் உண்டு, சில நிபந்தனைகளோடு. அந்த வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்ட குடும்பங்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கின்றன.

மாதம் 10,700 தவணை இருக்கிற பையன் முதலில் வருகிற வேலையை மறுக்க மாட்டான். மெக்கானிக்கல் படித்துவிட்டு, சம்பளம் குறைவானாலும் தன் துறையிலேயே ஒரு தொழிற்சாலையில் சேர ஆசைப்படுவான், வீட்டில் விடமாட்டார்கள். முதுநிலைப் பொறியியலுக்கான 'கேட்' நுழைவுத் தேர்வில் தேறி எம்.இ. சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகை கிடைக்கும். ஆனால் மேல்படிப்புக்காக வங்கி தவணையைத் தள்ளிவைக்குமே தவிர வட்டியை நிறுத்தி வைக்காது.

கடன் விண்ணப்பத்தோடு கல்லூரியில் வாங்கிவரும் கட்டண விவரத் தாளைப் பெற்றோர் பெரும்பாலும் படிப்பதில்லை, கடைசி வரியிலுள்ள கூட்டுத்தொகையைத்தான் பார்க்கிறார்கள். மேலே இருப்பதையும் ஒருமுறை படியுங்கள். கல்விக் கட்டணத்துக்குக் கீழே பஸ், சீருடை, ஆய்வகம், 'பிளேஸ்மென்ட் பயிற்சி' என்று வரிசையாக இறங்கும். முதலாண்டு மாணவனிடமே வேலைவாய்ப்புப் பயிற்சிக்குப் பணம் வாங்கும் தாள்களையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஆனால் இரண்டு கட்டணம். 2017இல் கட்டண நிர்ணயக் குழு சுயநிதிக் கல்லூரிகளுக்கு விதித்தது, கலந்தாய்வு வழியாக நிரப்பும் அரசு ஒதுக்கீட்டில் வருஷத்துக்கு 50,000 ரூபாய், கல்லூரியே நேரடியாகச் சேர்க்கும் நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000. தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவென்றால் 55,000, 87,000. குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்க வருபவருக்கான முதல் பட்டதாரிச் சலுகையும் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். நிலைமை இப்படி இருக்க, கலந்தாய்வு தொடங்கும் முன்பே 'கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் தீர்ந்துவிடும்' என்ற பயத்தில் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு வருகிறார்கள். கொஞ்சம் பொறுத்து, விருப்பப் பட்டியலைக் கவனமாக நிரப்பி, கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டபடியே மேலே உள்ள விருப்பத்துக்கும் காத்திருக்கும் 'அப்வர்டு' வாய்ப்பைப் பயன்படுத்தியிருந்தால், அதே கல்லூரியே அரசு ஒதுக்கீட்டில் கிடைத்திருக்கக்கூடும்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இது தெரியாமல் கடன் கேட்டு வந்தவர்களும் உண்டு.

அதற்காக எப்போதும் மலிவான இடத்துக்கே போகச் சொல்லவில்லை. அரசுக் கல்லூரியில் கட்டணம் சில ஆயிரம்தான், சரி. ஆனால் எங்கள் தென்காசிப் பக்கத்துப் பிள்ளைக்கு இடம் கிடைப்பது பர்கூரிலோ சேலத்திலோ என்றால் விடுதி, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாம் சேரும். வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய ஒரு நல்ல சுயநிதிக் கல்லூரி, அரசு ஒதுக்கீட்டில், அதற்கு அதிகம் மேலே போகாது. சிவில் வேண்டவே வேண்டாம் என்கிற பெண்ணைக் கட்டணம் குறைவென்று சிவிலில் தள்ளினால் அரியர்தான் ஏறும். ஒரு வருஷம் தாமதமானால் மிச்சம் பிடித்த பணமும் போய்விடும். பாடப்பிரிவுக்காகக் கூடுதலாகச் செலவழிப்பது எனக்குப் புரிகிறது. ஏ.சி. வகுப்பறைக்கும் நெடுஞ்சாலை விளம்பரப் பலகைக்கும் செலவழிப்பதுதான் புரியவில்லை.

அப்புறம் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஜூனிலும் கல்லூரிவாரியாகக் கட்-ஆஃப் பட்டியல் போடுகிறீர்கள். இந்த முறை பக்கத்திலேயே இன்னும் இரண்டு கட்டங்கள் சேருங்கள்: விடுதியும் பஸ்ஸும் உட்பட நான்கு வருஷத்துக்கு ஆகும் மொத்தச் செலவு ஒன்று, அந்தத் தொகையைக் கடனாக வாங்கினால் வரும் மாதத் தவணை ஒன்று. கூட்டிப் பெருக்கித்தர ஆள் வேண்டுமென்றால் நான் சும்மாதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
தென்காசி.